ஓங்கில் தேமல்

ஓங்கில் என்று கடலோரத்தில் சொல்கிற டால்பினைக் காப்பாற்றுவதா, அதன் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூஞ்சையைக் காப்பாற்றுவதா என்று கேட்டால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட யோசிக்காமல் பதில் சொல்லிவிடும். தராசுக்கு நான்கு விநாடி ஆயிற்று.

பூஞ்சை என்றது.

திரைக்கு முன்னால் நின்றிருந்த ஜெசிந்தா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். பக்கத்து மேசைப் பக்கம் திரும்பவில்லை.

மன்னார் வளைகுடாக் கரையில், கோரைமுனை என்கிற சின்ன ஊரில் இருந்தது அந்த உயிரினப் பதிவகம். மொத்தமே இரண்டு மேசை. ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஓர் அட்டை. அட்டையின் இடப்பாதி ஜெசிந்தாவுடையது: எந்த உயிருலகம், எந்த வகுப்பு, எந்த வரிசை, எந்தக் குடும்பம், எங்கே வாழ்கிறது. வலப்பாதி சீனி இபுராகிமுடையது: எத்தனை மிச்சம், எவ்வளவு ஆபத்து. ஒரே அட்டையைப் பற்றி இரண்டு மேசையும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. பேசினால் ஒருவர் கருத்து இன்னொருவர் எழுத்தில் ஏறிவிடுமாம். பதினான்கு வருடமாக இரண்டு பேரும் மழை, மகள் கல்யாணம், நோன்புக் கஞ்சி எல்லாம் பேசியிருக்கிறார்கள். அட்டையைப் பேசியதில்லை.

இரண்டு உயிரினங்களில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று வந்தால் இரண்டு அட்டைகளும் தராசுக்குப் போகும். தராசு என்பது ஊர் வைத்த பெயர். அது ஒரு கணினிதான். அது சொன்னதை மந்திரி மாற்ற முடியாது, நீதிமன்றம் மாற்ற முடியாது. அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கல்லூரி நாளில் கொடி பிடித்தவர்களில் ஜெசிந்தாவும் ஒருத்தி.

"நாலு விநாடியில முடிச்சுட்டாங்களா?" என்றான் ஆல்ட்ரின், அன்று இரவு வீட்டில் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு.

அவன் ஜெசிந்தாவின் கணவன். சங்கு குளிக்கிறவன். இருபது வருடமாகக் கடலுக்கு அடியில் மூச்சடக்கித் தேடுகிற ஆளுக்கு ஓங்கில் என்பது பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி.

"கூடவே வரும் ஜெசி. நான் மூச்சு வாங்க மேல வந்தா அதுவும் மேல வரும். அதைச் சாகவிட்டுட்டுப் பாசியை வளக்கப் போறீங்களா?"

"பாசி இல்லைங்க, பூஞ்சை. ஓங்கிலுக்குக் கூடப்பிறந்த வகைங்க முப்பதுக்கு மேல இருக்கு. இது போனாலும் பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு எல்லாம் இருக்கும். அந்தப் பூஞ்சைக்கு யாருமே இல்ல. ஒரு வரிசை முழுக்க அது ஒண்ணுதான். உலகத்துலயே பதினோரு ஓங்கில் முதுகுலதான் இருக்கு. மருந்து போட்டா அந்தக் கிளையே முறிஞ்சுடும். அதனால ஓங்கில் அருகிய இனம், பூஞ்சை மிக அருகிய இனம்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

"ஒரு படி வித்தியாசம். அந்தப் படிதான் தீர்ப்பு."

"பூஞ்சைக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று ஆல்ட்ரின் சிரித்தான். ஜெசிந்தாவால் சிரிக்க முடியவில்லை.

சித்திரை கடைசியில் பதினொன்றில் ஒன்று கரை ஒதுங்கியது. முதுகெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. வனத்துறைக் காவலர்கள் பத்தடி தள்ளி நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மருந்து போடத்தான் தடை, தண்ணீர் ஊற்றத் தடை இல்லை என்று ஆல்ட்ரினும் அவனோடு குளிக்கிறவர்களும் சாக்கை நனைத்து நனைத்து அதன் மேல் போட்டார்கள். உச்சிவெயிலில் நான்கு மணி நேரம். ஆல்ட்ரின் அதன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அது மூச்சுவிட்டபோதெல்லாம் அவன் முகத்தில் தெறித்தது.

ஆனி மாதம் அவன் முழங்கையில் அதே வெள்ளை.

முதலில் தேமல் என்றுதான் நினைத்தார்கள். சொறிந்தால் உதிரவில்லை. விரல் வைத்தால் மீன் செதிள் மாதிரி கடினமாக இருந்தது. ஒரு வாரத்தில் கையகலம் ஆயிற்று. அன்று சாக்கு நனைத்த எல்லோருக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்த காலையில் ஜெசிந்தா அவனை இழுத்துக்கொண்டு ஊர் மருத்துவமனைக்கு ஓடினாள்.

டாக்டர் கோமதிநாயகம் தோலைச் சுரண்டிச் சோதனைக்கருவியில் வைத்தார். கருவியோடு இணைந்த மருந்துப் பெட்டி அதுவாகத் திறக்க வேண்டும். எந்தக் கிருமி என்று தெரிந்துகொண்டு, அதற்குரிய மருந்தை அதுவே நீட்டும். அன்று அது திறக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"ரிப்பேரா சார்?"

"ரிப்பேர் இல்ல மேடம்." டாக்டர் அவளைப் பார்க்காமல் திரையைத் திருப்பினார். "உங்க ஆபீஸ்தான்."

திரையில் பூஞ்சையின் அட்டை இருந்தது. இடப்பாதியில் கடைசி வரி அவள் எழுதியது. வாழிடம்: பாலூட்டிகளின் தோல்.

ஜெசிந்தா அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

அவளுடைய தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சான்று போதவில்லை என்றால் ஒரு படி மேலே எழுதுவார்கள். குடும்பம் நிச்சயமில்லையா, வரிசையோடு நிறுத்து. வெறும் பதினோரு மாதிரிகளை வைத்துக்கொண்டு 'ஓங்கிலின் தோல்' என்று அடித்துச் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. நாளைக்கு ஒரு கடற்பசுவில் கண்டுபிடித்தால்? ஆகவே பாலூட்டி என்று எழுதினாள். அடக்கமான, கவனமான, யாரும் குறை சொல்ல முடியாத வேலை.

"நானும் பாலூட்டிதான, டாக்டரே?" என்றான் ஆல்ட்ரின்.

ஜெசிந்தா டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"வெளியில வாங்க முடியாதா சார்? இலங்கையிலருந்து?"

"அங்கயும் இதே சட்டம், இதே பெட்டி. தனி வார்டுல வைக்கலாம்னா அதுக்கும் வழியில்ல. பாதுகாக்கப்பட்ட வாழிடத்தைச் சுத்தி வேலி போடக் கூடாதாம். உங்க வீட்டுக்காரரைத்தான் சொல்றாங்க." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "ஓங்கிலுக்கு நெஞ்சுக்குள்ள இறங்க ரெண்டு வருஷம் ஆயிருக்கு. மனுஷனுக்கு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது."

ஜெசிந்தா பதிவகத்துக்குத் திரும்பினாள். அட்டையைத் திருத்த வேண்டுமென்றால் சான்று கேட்டது கணினி: அந்தப் பூஞ்சை மனிதத் தோலில் வாழாது என்பதற்கு. வாழ்கிறதே. அவள் பயந்து பயந்து எழுதிய ஒரு சொல் சரி என்று ஆகிவிட்டது.

மிச்சமிருந்தது ஒரே வழி. அவள் ஒப்பீட்டுக்கு மனுப் போட்டாள். பூஞ்சை ஒரு பக்கம். மனிதன் ஒரு பக்கம்.

மனிதனின் அட்டையை அவள் அதுவரை திறந்து பார்த்ததே இல்லை. விலங்குலகம். முதுகுநாணி உள்ளவை. பாலூட்டி. ஓங்கிலும் ஆல்ட்ரினும் மூன்று படி வரைக்கும் ஒன்றாகவே இறங்கி வந்தார்கள். நான்காவது படியில்தான் பிரிந்தார்கள். வலப்பாதியில் எண்ணிக்கை தொள்ளாயிரத்து எழுபது கோடி என்றிருந்தது. நிலை: தீவாய்ப்பு குறைந்த இனம். கவலைப்பட ஒன்றுமில்லை என்பதைத்தான் சட்டம் அப்படிச் சொல்கிறது.

இந்த முறை நான்கு விநாடிகூட ஆகவில்லை.

"மனுஷனுக்குன்னு ஒரு விலக்கு இருக்கும்ல?" அன்று மாலை ரெஜினாள் கேட்டாள். அவள் ஆல்ட்ரினோடு குளிக்கிற சேவியரின் மனைவி. சேவியருக்குக் கழுத்துவரை ஏறியிருந்தது.

"இருந்துச்சு. அந்த விலக்கைக் காட்டித்தான் அத்தனை காட்டையும் வெட்டினாங்க. நாங்கதான் போராடி எடுக்க வச்சோம்."

"நல்லா எடுத்தீங்க போங்க மதினி."

ஜெசிந்தா தலைகுனிந்தாள். ரெஜினாள் தீர்ப்புத் தாளைக் கையில் வாங்கி, உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எட்டாவதோடு பள்ளியை விட்டவள். ஆனால் வலைக்காரர் சங்கத்துத் தீர்மானங்களை எல்லாம் அவள்தான் படித்துச் சொல்வாள். கடைசி வரியில் அவள் விரல் நின்றது.

"எண்ணிக்கை ஆயிரத்துக்கு மேல் நிலைத்தால் பாதுகாப்பு நீங்கும்னு போட்டிருக்கே. இப்ப எத்தனை?"

"நாப்பத்து மூணு. மிச்சமிருக்கிற ஏழு ஓங்கில், முப்பத்தாறு பேர்."

"ஒரு ஆளுன்னா ஒரு எண்ணா?"

ஜெசிந்தா பேசாமல் இருந்திருக்கலாம். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"ஆமா" என்றாள்.

ரெஜினாள் தாளை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "ஊருல ரெண்டாயிரம் பேர் இருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

விஷயத்தைக் கேட்ட ஆல்ட்ரின் கத்தினான். "எனக்காக ஊரைக் கெடுக்காத ஜெசி. நான் போனா நான்தான் போவேன்." அன்றிலிருந்து தட்டு, டம்ளர், துண்டு எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொண்டான். அவள் அருகில் வந்தாலே எழுந்து போனான். பத்தாவது நாள் மதியம், காய்ச்சலில் அவன் அயர்ந்து தூங்கும்போது, ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து தன் முன்கையை அவன் முழங்கையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். சொரசொரவென்று இருந்தது. சுவர்க்கடிகாரத்தில் அரை மணி போகும்வரை கையை எடுக்கவில்லை. அவன் விழித்து இரண்டு கைகளையும் பார்த்தான். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

நாற்பத்து நான்கு.

பிறகு நடந்ததற்கு யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் உத்தரவிடவில்லை. சேவியரின் மனைவி, சேவியரின் தம்பி, தம்பியின் மாமனார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், கைகூப்பிப் பழகிய ஊர் கைகுலுக்க ஆரம்பித்தது. ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் கையுறையைக் கழற்றினார்கள். "பெட்டி திறந்துச்சுன்னா ஒரே ஊசி, ஒரே வாரம், உதிந்துரும்" என்று டாக்டர் எப்போதோ சொன்னது ஊர் முழுக்க மந்திரம் மாதிரி ஓடியது. ஆயிரம் பேருக்கு வந்தால் ஆயிரம் பேருக்கும் போய்விடும். அதில் பயப்பட என்ன இருக்கிறது?

பயம் இருந்தது. யாரும் கண்ணாடி பார்க்கவில்லை. வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டார்கள். குழந்தைகள் மட்டும், வெள்ளை வந்தவர்களும் வராதவர்களும், ஒன்றாகவே விளையாடினார்கள். அதனால் அவர்களுக்கும் வந்தது.

"நான் மாதிரி எடுத்து அனுப்புறதோட சரி" என்றார் டாக்டர். "எப்படி வந்துச்சுன்னு கேக்க மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

மாதிரிகள் எல்லாம் சீனி இபுராகிமின் மேசைக்குத்தான் போயின. அவர் ஒவ்வொன்றாக வலப்பாதியில் ஏற்றினார். இருநூறு. நானூற்றுப் பத்து. எழுநூறு. ஒவ்வொரு மாலையும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஜெசிந்தாவின் முழுக்கை ரவிக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போனார். கேட்பது விதிக்குப் புறம்பு. சொல்வதும் விதிக்குப் புறம்பு. அதோடு, சொன்னால் அவர் மேலிடத்துக்கு எழுதிவிடுவாரோ என்கிற பயமும் அவளுக்கு இருந்தது.

மார்கழி மூன்றாம் வாரம் காலை பத்தேகாலுக்கு எண்ணிக்கை ஆயிரத்து மூன்று.

செய்தி எப்படியோ போய்விட்டது. பதினோரு மணிக்குப் பதிவகத்து வாசலில் ஐம்பது அறுபது பேர். வெடி வாங்கி வந்திருந்தார்கள். ஆல்ட்ரினும் வந்திருந்தான், சேவியரின் தோளைப் பிடித்துக்கொண்டு. இரண்டு எட்டுக்கு ஒரு முறை நின்று இருமினான். அந்த இருமல் புதிது.

ஜெசிந்தா பதினான்கு வருடத்தில் முதல்முறையாக ஓர் அட்டைக்காக எழுந்து பக்கத்து மேசைக்குப் போனாள்.

"சீனி பாய். அட்டையை மாத்துங்க."

சீனி இபுராகிம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா மாத்தணும்?"

"நிலையை. ஆயிரம் தாண்டிருச்சு. இனி அது மிக அருகிய இனம் இல்ல. மாத்துனா பெட்டி திறக்கும்."

அவர் அவளையே பார்த்தார். அவர் பார்வை அவளுடைய முழுக்கையில் வந்து நின்றது.

"ஜெசிம்மா... இதுவா தொத்துதுன்னு நெனச்சேனே. நீங்களாவா பண்ணீங்க?"

"மாத்துங்க பாய்."

"ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கக் கூடாதா?" அவர் மேசையிலிருந்து வலப்பாதிக்காரர்களின் கையேட்டை எடுத்துப் புரட்டினார். பக்கத்தைத் தேட வேண்டியிருந்தது. அவரே அதைத் திறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. "ஒரு உயிரு ஆபத்துல ஏற ஒரு நாள் போதும். கீழ இறங்க அப்படி இல்லம்மா. எண்ணிக்கை அஞ்சு வருஷம் தொடர்ந்து ஆயிரத்துக்கு மேல நிக்கணும். அதுதான் 'நிலைத்தால்'. நடுவுல ஒரே ஒரு நாள் ஆயிரத்துக்குக் கீழ வந்தாலும், திரும்ப முதல் நாள்லருந்து."

ஜெசிந்தா குனிந்து அந்த வரியைப் படித்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ உயிரினங்கள் மேலே மேலே ஏறியிருக்கின்றன. ஒன்றுகூடக் கீழே இறங்கியதில்லை. இறங்குவதற்கு என்ன விதி என்று யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

"அஞ்சு வருஷமா?"

குரல் வாசற்படியிலிருந்து வந்தது. ரெஜினாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கன்னம் வரைக்கும் வெள்ளை. அவள் அழவில்லை. உள்ளே வந்து, வழக்கமாகத் தீர்மானம் படிக்கிறவள் மாதிரி நேராக நின்றாள்.

"ஓங்கிலுக்கு ரெண்டு வருஷம்ன்னாரு டாக்டர். அப்ப அஞ்சு வருஷத்துக்கு முன்னாலேயே ஆளு குறைய ஆரம்பிக்கும். இல்லையா பாய்?"

சீனி இபுராகிம் கையேட்டை மூடினார்.

"ஒரு நாளும் குறையக் கூடாது" என்றாள் ரெஜினாள். "குறைஞ்சா இதுவரைக்கும் பட்டது வீண். சரிதான மதினி?"

"ரெஜினா, வேண்டாம்டி. இதோட நிறுத்திருவோம். மேல எழுதுவோம், கெஞ்சுவோம்..."

"யார்கிட்ட? தராசுகிட்டயா?"

ரெஜினாள் வெளியே போனாள். ஜெசிந்தா சன்னல் வழியாகப் பார்த்தாள். ரெஜினாள் கூட்டத்தின் நடுவில் நின்று, சத்தம் போடாமல், விரல்விட்டு எண்ணி எண்ணிச் சொன்னாள். கூச்சல் வரும், கல் வரும், தன்னை இழுத்துப் போட்டு அடிப்பார்கள் என்று ஜெசிந்தா எதிர்பார்த்தாள். வந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். ஒன்றும் வரவில்லை. வெடிக்கட்டை வைத்திருந்தவன் அதைத் தரையில் மெதுவாக வைத்தான். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். ஆல்ட்ரின்கூட. ஊரைக் கெடுக்காதே என்று கத்தியவன், நெஞ்சைப் பிடித்தபடி, கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது வெளியூர்ப் பேருந்து வந்து நிறுத்தத்தில் நின்றது. அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பின.

பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். கடற்கரை பார்க்க வந்த ஏதோ ஒரு குடும்பம், கூடைகளோடு. படியில் தடுமாறிய ஒரு வயதான அம்மாளைப் பார்த்து ரெஜினாள் வேகமாக முன்னால் போனாள். முழுக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டாள்.

"மெதுவா இறங்குங்கம்மா" என்றாள், சிரித்த முகமாக. "கையை நல்லாப் பிடிச்சுக்குங்க."